மானியக் கடன்: பணம் எந்த வரிசையில் வருகிறது, எங்கே நிற்கிறது

மாவட்டத் தொழில் மையத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தத் திட்டத்தில் மானியம் அதிகம்? அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் எப்போது, யார் கணக்கில் வந்து சேரும்? தமிழ்நாட்டில் குறுந்தொழில் தொடங்குகிறவர்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் உதவி உண்மையிலேயே நிறைய இருக்கிறது. இருந்தும் பலர் பாதி வழியில் திணறுகிறார்கள். மானியத்தைக் கைக்கு வரும் பணமாக எண்ணிக் கணக்குப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். நடைமுறையில் அது வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் தொகை. கடன் கிடைக்காவிட்டால் மானியமும் இல்லை.

முதலில் மத்திய அரசின் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பி.எம்.இ.ஜி.பி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 2008-ல் தொடங்கியது. கதர் கிராமத் தொழில் ஆணையம், மாநிலக் கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம், கயிறு வாரியம் ஆகியவை இதை நடத்துகின்றன. 2022-ல் திட்ட மதிப்பின் உச்சவரம்பு உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சமாகவும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதமும் கிராமத்தில் 25 சதவீதமும் மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோர் சிறப்புப் பிரிவு. அவர்களுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. சொந்தப் பணமாகப் பொதுப் பிரிவினர் 10 சதவீதமும் சிறப்புப் பிரிவினர் 5 சதவீதமும் போட வேண்டும். உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டமென்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை.

இப்போது பணத்தின் வரிசையைப் பார்ப்போம். கிராமத்தில் ஒரு பெண் 20 லட்சம் ரூபாய்க்கு உற்பத்தித் தொழில் தொடங்குகிறார். அவர் பங்கு 1 லட்சம். வங்கி தரும் கடன் 19 லட்சம். மானியம் 7 லட்சம். இந்த 7 லட்சம் அவர் கைக்கும் வராது, இயந்திரம் விற்றவருக்கும் போகாது. கடனின் முதல் தவணை விடுவிக்கப்பட்ட பிறகு வங்கி அதைக் கேட்டுப் பெற்று, அவர் பெயரில் வைப்புத்தொகையாக மூன்று ஆண்டுகள் பூட்டி வைக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. பதிலுக்குக் கடனில் அதற்கு ஈடான 7 லட்சத்துக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. ஆகவே வட்டி ஓடுவது 12 லட்சத்துக்கு மட்டும். 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், தொடக்க நிலுவையின்படி ஆண்டுக்கு 2,09,000 ரூபாய் ஆகியிருக்க வேண்டிய வட்டி 1,32,000 ஆகக் குறைகிறது. மூன்று ஆண்டு முடிந்து, நேரடி ஆய்வில் தொழில் இயங்குவது உறுதியான பிறகே 7 லட்சம் கடனில் கழிக்கப்படும். ஆய்வுக்கு வரும்போது கடை பூட்டியிருந்தால் மானியம் அரசுக்கே திரும்பிவிடும்.

இதில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மானியம் வைப்புக் கணக்கில் ஏறியதும் அந்த ரசீதின் நகலையும் கடன் கணக்கின் அறிக்கையையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுக் கடனுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் உடனே கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மூன்றாண்டு கழித்துக் கேட்டால் திருத்துவது கடினம்.

அதே திட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. பலருக்கு இது கடைசியில்தான் தெரிய வருகிறது. திட்ட மதிப்பில் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு போன்ற அன்றாடச் செலவுக்கான பணம், சேர்ந்திருந்தால், மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது அதற்கு வங்கி அனுமதித்த வரம்பை முழுவதும் எடுத்திருக்க வேண்டும். சராசரிப் பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்துக்கான மானியம் திரும்பப் பெறப்படும். மானியம் கூடுமே என்று நடைமுறை மூலதனத்தை ஊதிக் காட்டுகிறவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். எடுக்காத பணத்துக்கு மானியம் நிற்காது.

திட்ட மதிப்பில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். நிலத்தின் விலை சேராது. கொட்டகை வாடகையை அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குச் சேர்க்கலாம். இயந்திரமோ கருவியோ எதுவும் வாங்காமல், சரக்குக்கு மட்டும் பணம் கேட்கும் திட்டத்தை ஏற்க மாட்டார்கள். மது, புகையிலை சார்ந்த தொழில்களுக்கும் பயிர்ச் சாகுபடிக்கும் இடமில்லை. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கே உதவி. ஏற்கெனவே வேறு அரசுத் திட்டத்தில் மானியம் வாங்கிய தொழிலும், இயங்கிக்கொண்டிருக்கும் பழைய தொழிலும் தகுதி பெறாது. இந்தத் திட்டத்திலோ முத்ராவிலோ வாங்கிய முதல் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்கள் விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடன் கேட்கலாம். உற்பத்திக்கு 1 கோடி வரை, மானியம் 15 சதவீதம்.

மாநிலத் திட்டங்களுக்கு வருவோம். யு.ஒய்.இ.ஜி.பி. என்கிற வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம் 2010-11-ல் வந்தது. திட்ட மதிப்பு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வயது பொதுப் பிரிவுக்கு 45 வரை, சிறப்புப் பிரிவுக்கு 55 வரை. வியாபாரத்துக்கும் இதில் இடம் உண்டு என்பதால், மளிகை, ஜவுளி, உதிரி பாகம் போன்ற சில்லறைக் கடை வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீட்ஸ் என்று அழைக்கப்படும் புதிய தொழில்முனைவோர் திட்டம் பெரிய அளவுக்கானது. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று முடித்திருக்க வேண்டும். தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் இதில் கடன் தருகிறது. 1949-ல் தொடங்கிய இந்தக் கழகத்தின் கிளைகளில் இயந்திரங்களின் மதிப்பை எடைபோடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய இயந்திர முதலீடு உள்ள திட்டத்துக்கு அருகிலுள்ள வங்கிக் கிளையைவிட இது நல்ல வாசல் என்பது எங்கள் கருத்து.

பட்டியல் சாதி, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், மேலே சொன்ன பண வரிசையையே மாற்றியிருக்கிறது. இங்கே 35 சதவீத மானியம், 1.5 கோடி வரை, முன்கூட்டியே கணக்கில் சேர்கிறது. மீதி 65 சதவீதம் கடன். வட்டியில் 6 சதவீதத்தை அரசு ஏற்கிறது. சொந்தப் பணம் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய தொழிலுக்கும் விரிவாக்கத்துக்கும் பொருந்தும். குடும்பச் சொத்தோ சேமிப்போ இல்லாத ஒருவருக்கு அந்த முதல் 5 சதவீதமே எவ்வளவு பெரிய சுவர் என்பதை உணர்ந்து வகுத்த திட்டம் இது. தகுதி உள்ளவர்கள் வேறு திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

கைவினைஞர்களுக்கு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 25 வகைத் தொழில்கள், 35 வயது நிறைந்தவர்கள், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதமாக 50,000 ரூபாய் வரை மானியம், 5 சதவீத வட்டி மானியம். உணவு பதப்படுத்தும் தொழிலென்றால் 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம்: 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். ஏற்கெனவே மாவு மில்லோ எண்ணெய்ச் செக்கோ நடத்துகிறவர்கள் தரம் உயர்த்தவும் இதைப் பயன்படுத்தலாம். திட்ட அறிக்கை தயாரிக்க உதவும் மாவட்ட வள நபருக்கு அரசே ஊதியம் தருகிறது. விண்ணப்பதாரர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம் பற்றிக் குழப்பம் அதிகம். அதில் மானியம் கிடையாது. 2015-ல் தொடங்கியது, சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனைக் கட்டி முடித்தவர்களுக்கு 2024-லிருந்து 20 லட்சம் வரை. அவசரமாக ஒரு இயந்திரம் வேண்டும், மானிய நடைமுறைக்குக் காத்திருக்க நேரமில்லை என்றால் இதுவே சரி. ஆனால் முத்ராவில் தொழில் தொடங்கிவிட்டால் அது 'இயங்கும் தொழில்' ஆகிவிடும்; பிறகு பி.எம்.இ.ஜி.பி.யில் புதிய தொழிலுக்கான முதல் கடன் கிடைக்காது. எதை முதலில் எடுப்பது என்று யோசித்துச் செய்யுங்கள்.

இந்த வரம்புகளும் சதவீதங்களும் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இந்த வேலையைக் கிண்டியில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகம் பார்க்கிறது.

விண்ணப்பம் எங்கே உடைகிறது

எல்லாத் திட்டத்துக்கும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். இணையத்தில் விண்ணப்பம், தொழில் மையத்தின் பரிசீலனை, வங்கிக்குப் பரிந்துரை, வங்கி ஒப்புதல், பயிற்சி, கடன் விடுவிப்பு, மானியக் கோரிக்கை. இதில் விண்ணப்பங்கள் அதிகம் தேங்குவது வங்கியில். தொழில் மையத்தின் பரிந்துரைக் கடிதம் கடன் ஒப்புதல் ஆகாது. கடனைத் தருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கிளைதான். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே, தொழில் நடக்கப்போகும் இடத்துக்கு உரிய வங்கிக் கிளைக்குப் போய் மேலாளரிடம் பேசிவிடுங்கள். வீடு ஒரு ஊரில், கொட்டகை வேறு ஊரில் என்றால் கொட்டகைக்கு அருகிலுள்ள கிளையைத்தான் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். இந்த ஒரு தவறால் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது விலைப்புள்ளி. கொட்டேஷன் என்றுதான் வங்கியில் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள விற்பனையாளரிடமிருந்து வாங்க வேண்டும். அதில் இயந்திரத்தின் விலை, வரி, ஏற்றுக்கூலி, பொருத்தும் செலவு தனித்தனியாக இருக்கட்டும். 8 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு 18 சதவீத வரி என்றால் 1,44,000 ரூபாய். விலைப்புள்ளியில் 'வரி தனி' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்து, திட்ட அறிக்கையில் 8 லட்சம் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த 1,44,000 ரூபாயும் கடைசியில் உங்கள் பையிலிருந்துதான் போகும். அந்த நேரத்தில் பலர் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார்கள். தொழில் ஓடுவதற்கு முன்பே மூச்சு முட்டுவது அப்படித்தான். மின் இணைப்பு வைப்புத்தொகை, வயரிங், மும்முனை இணைப்புக்கான செலவு ஆகியவற்றுக்கும் இதே கதிதான். இவற்றையும் முதலிலேயே அறிக்கையில் கொண்டுவந்துவிட வேண்டும்.

திட்ட அறிக்கையை எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். எழுதட்டும், தவறில்லை. ஆனால் மேலாளர் கேட்கப்போவது உங்களிடம். மாதம் எவ்வளவு உற்பத்தி, யார் வாங்குவார்கள், எத்தனை நாள் கடனில் கொடுப்பீர்கள், மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்ற நான்குக்கும் தாளைப் பார்க்காமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். வங்கி பார்க்கும் ஒரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். நிகர லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, அந்த ஆண்டு கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். விடை ஒன்றரைக்கு அருகில் இருந்தால் நிம்மதி. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால், ஒரு மாதம் விற்பனை படுத்தாலே தவணை நின்றுவிடும் என்று பொருள்.

நடைமுறை மூலதனத்துக்கும் எளிய கணக்கு உண்டு. ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் 25 சதவீதம் தேவை. அதில் 20 வங்கியின் பங்கு, 5 உங்களுடையது. ஆண்டுக்கு 40 லட்சம் விற்பனை என்றால் தேவை 10 லட்சம், வங்கி 8 லட்சம். இயந்திரத்துக்கு மட்டும் கடன் வாங்கி, சரக்குக்குப் பணமில்லாமல் இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவைத்த தொழில்களைத் தொழிற்பேட்டைகளில் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள்.

உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். விண்ணப்பிக்கும் முன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அடைத்த நகைக்கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டும். உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து உங்கள் பெயரில் நிற்கும். திருத்த நாளாகும் என்பதால் முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

பிணை கேட்டால்

குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் வரையிலான (2026 ஏப்ரலிலிருந்து 20 லட்சம்) கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேல் போனால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாத நிதி இருக்கிறது. மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ல் அமைத்தது. இதன் வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் வங்கியின் இழப்பில் பெரும்பகுதியை இந்த நிதி ஈடுசெய்யும். அதற்காக ஆண்டுதோறும் ஒரு கட்டணம் உண்டு. கடன் வாங்கியவரின் பொறுப்பு இதனால் தீர்ந்துவிடாது, வங்கி வசூலிக்கத்தான் செய்யும். நிதி காப்பது வங்கியை. உங்களுக்குக் கிடைக்கும் பலன் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருப்பது. அது சிறிய பலனில்லை.

விண்ணப்பத்தைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 25 லட்சம் வரையிலான கடனுக்கு 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அடுத்த கட்டத்துக்கு உங்களிடம் ஆவணமே இருக்காது. கிளையில் நகரவில்லை என்றால் வங்கியின் மண்டல அலுவலகம், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், தொழில் மையத்தின் பொது மேலாளர் என்று போகலாம். வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கொடுக்கலாம். கடன் தரச் சொல்லி அவர் உத்தரவிட மாட்டார். தாமதம், விதிக்கு மாறாகப் பிணை கேட்பது போன்றவற்றை விசாரிப்பார்.

இடைத்தரகர் பற்றி ஒரு வார்த்தை. மானியத்தில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று பேசுகிறவரிடம் எதுவும் கொடுக்காதீர்கள்; விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்கும் அப்படித்தான். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும். தேடும்போது அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் பிடுங்கும் தளங்கள் முன்னால் வந்து நிற்கும்; முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள்.

தொடங்கிய பிறகு

தொழில் ஓட ஆரம்பித்ததும் பெரும்பாலோர் அரசு அலுவலகத்தை மறந்துவிடுகிறார்கள். குறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20 சதவீதம் 36 மாதங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் திட்டம் மாநிலத்தில் இருக்கிறது. உற்பத்தி தொடங்கிய பிறகு தொழில் மையத்தில் கேட்டுப் பெற வேண்டும்; தானாக வராது. இயந்திரங்களின் மீதான முதலீட்டு மானியமும் தனியாக உண்டு, சில வகைத் தொழில்களுக்கும் பின்தங்கிய வட்டாரங்களுக்கும். இரண்டுக்கும் விண்ணப்பிக்கக் கெடு இருப்பதால் உற்பத்தி தொடங்கிய தேதிக்கான சான்றையும் முதல் விற்பனை ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

உத்யம் பதிவின் மிகப் பெரிய பலன் கடனில் இல்லை, வர வேண்டிய பணத்தில் இருக்கிறது. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உங்களிடம் பொருள் வாங்கியவர் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மிகாமலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வருமான வரிச் சட்டத்திலும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஒரு பிடி வந்திருக்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, வாங்கிய நிறுவனம் உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் நிலுவை வசூலிக்கப் போகும்போது இதை நினைவூட்டினால் கணக்குப் பிரிவில் காரியம் நடக்கும். இந்தப் பாதுகாப்பு உற்பத்தி, சேவை நிறுவனங்களுக்கே. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு உண்டென்றாலும் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் உதவும்.

அப்படியும் பணம் வராவிட்டால், இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியே மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி என நான்கு மன்றங்கள் இருக்கின்றன. மனுவோடு கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாமல் போகிற மனுக்களே அதிகம். பொருளை அனுப்பும் தேதிக்கு முன்பே உத்யம் பதிவு இருப்பது பாதுகாப்பு. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். இது தெரிந்த நிறுவனங்கள் மன்றத்தின் அறிவிப்பு கிடைத்ததுமே பேச்சுவார்த்தைக்கு வருவதும் உண்டு. ஆகவே டெலிவரி சலானில் பெயர், தேதி, முத்திரையோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.